எட்வர்ட் சயீத்: பியானோ வாசித்த இலக்கியப் பேராசிரியர்

எட்வர்ட் சயீத் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது 1978-ல் வந்த 'ஓரியண்டலிசம்' புத்தகம். கிழக்கைப் பற்றி ஐரோப்பா எழுதிக் குவித்தது வெறும் அறிவுத் தேடல் இல்லை, ஆள்வதற்கும் அது கைகொடுத்தது என்று வாதிட்ட புத்தகம். அடுத்து அவருடைய பாலஸ்தீன அரசியல். மேடையில் வாசிக்கிற அளவுக்கு பியானோ தெரிந்தவர் என்பதைக் கடைசியில் ஒரு துணுக்கு மாதிரி சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கென்னவோ அது துணுக்கு இல்லை. அவர் நாவல்களைப் படித்த விதமே பியானோவிலிருந்துதான் வந்திருக்கிறது.

முதல்ல ஆளைக் கொஞ்சம் பார்த்துடுவோம். 1935-ல் ஜெருசலேமில், பாலஸ்தீனக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். வளர்ந்தது பெரும்பாலும் கெய்ரோவில். அப்பாவுக்கு அங்கே ஸ்டேஷனரி வியாபாரம். 1948-க்கு அப்புறம் ஜெருசலேம் வீட்டுக்குத் திரும்ப வழியே இல்லாமல் போனது. கெய்ரோவில் விக்டோரியா காலேஜிலிருந்து நீக்கப்பட்டு, 1951-ல் அமெரிக்காவுக்கு, மாசசூசெட்ஸில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பிறகு பிரின்ஸ்டன், ஹார்வர்ட். 1963-லிருந்து கடைசிவரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். ஹார்வர்டில் அவர் ஆய்வு செய்தது ஜோசப் கான்ராடை. போலந்துக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிய அந்த இன்னொரு குடியேறியை அவர் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

கெய்ரோவில் அவருடைய பியானோ வாத்தியார் இக்னாஸ் டீகர்மன். போலந்து யூதர், 1930-களில் கெய்ரோவுக்கு வந்து இசைப்பள்ளி நடத்தியவர். பாலஸ்தீனப் பையன், யூத வாத்தியார், எகிப்திய நகரம், ஐரோப்பிய இசை. அன்றைய கெய்ரோவில் இது ஒன்றும் அதிசயக் கூட்டணி இல்லை என்பதைக் கவனிக்கணும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். மேற்கத்திய இசையில் 'கவுண்டர்பாயிண்ட்' என்று ஒன்று உண்டு. சாதாரணப் பாட்டில் ஒரு மெட்டு முன்னால் நிற்கும், மற்றதெல்லாம் பக்கவாத்தியமாகப் பின்னால் போகும். கவுண்டர்பாயிண்ட்டில் அப்படி இல்லை. இரண்டு மூன்று மெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒவ்வொன்றும் தனியாக நிற்கக்கூடியது, ஒன்றுக்கு ஒன்று அடிமை இல்லை. பாக் இதன் பேரரசர். பியானோவில் வாசிக்கிறவர் பத்து விரலுக்குள் அத்தனை குரலையும் தனித்தனியாகக் கேட்கவைக்கணும். ஒன்றை மட்டும் தூக்கினால் பாட்டே போச்சு. இதை அற்புதமாகச் செய்த க்ளென் கூல்ட் மீது சயீதுக்கு ஒரு பித்தே இருந்தது.

1993-ல் வந்த 'கல்ச்சர் அண்ட் இம்பீரியலிசம்' புத்தகத்தில் நாவல்களையும் அப்படியே படிக்கச் சொன்னார். அதற்கு அவர் வைத்த பெயரே 'கான்ட்ராபண்டல்' வாசிப்பு. ஜேன் ஆஸ்டினின் 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில் பெரிய வீட்டு முதலாளிக்கு ஆன்டிகுவா தீவில் சொத்து. கதையில் அது சில இடங்களில் மட்டும் வந்துபோகும். ஆன்டிகுவா என்றால் கரும்புத் தோட்டம், அடிமைகள். இங்கிலாந்து வீட்டின் மெட்டையும் கரும்புத் தோட்டத்தின் மெட்டையும் சேர்த்துக் கேளுங்கள் என்கிறார் சயீத். நாவலைத் தூக்கிப் போடுங்கள் என்று அவர் சொல்லவே இல்லை. இதைத் திட்டுகிறவர்கள் பல பேர் மறந்துவிடுவது இதைத்தான். எங்க தொழிலில் ஒரு சர்வரின் லாகை மட்டும் எத்தனை தடவை படித்தாலும் எல்லாம் சரியாக ஓடுகிற மாதிரியேதான் தெரியும். அதனோடு பேசுகிற இன்னொரு சர்வரின் லாகை நேரம் பார்த்துப் பக்கத்தில் வைத்தால்தான் என்ன நடந்தது என்று புரியும். கிட்டத்தட்ட அதே வேலை.

ஆனால் என் பார்வையில், ஆஸ்டினை விட பலமான கட்டுரை அதே புத்தகத்தில் வெர்டியின் 'ஐடா' ஓபரா பற்றியது. அங்கேதான் இசைக்காரரும் பேராசிரியரும் ஒரே ஆளாகிறார்கள். எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில் 1869-ல் கெய்ரோவில் ஓபரா ஹவுஸ் கட்டினார். அதற்காக, பழைய எகிப்தில் நடக்கிற கதையாக, இத்தாலியரான வெர்டியிடம் எழுதி வாங்கியதுதான் ஐடா. கதையின் சுருக்கம் பிரெஞ்சுத் தொல்லியலாளர் மரியத் கொடுத்தது. உடைகளும் காட்சிப் பொருட்களும் பாரிஸில் தயாராகி, பிரஷ்யப் படை நகரை முற்றுகையிட்டதால் அங்கேயே மாட்டிக்கொண்டன. 1871 டிசம்பர் 24-ல்தான் அரங்கேற்றம். எகிப்தின் கதை, ஆனால் எழுதியது, வரைந்தது, தைத்தது எல்லாம் ஐரோப்பா. பணம் மட்டும் எகிப்தின் கஜானா.

அந்தக் கஜானாவும் கடன்தான். 1875-ல் இஸ்மாயில் சூயஸ் கால்வாய்ப் பங்குகளை பிரிட்டனுக்கு விற்றார். 1882-ல் பிரிட்டிஷ் படையே வந்து உட்கார்ந்துவிட்டது. மேடையில் எகிப்தின் வெற்றி ஊர்வலம், வெளியே எகிப்து கைமாறிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்கிறார் சயீத். அதே சமயம் வெர்டியின் இசை நுணுக்கத்தை ஒரு வாத்தியக்காரருக்கே உரிய பிரியத்தோடு விளக்குகிறார். இந்தப் பிரியம் இல்லையென்றால் கட்டுரை வெறும் குற்றப்பத்திரிகையாகப் போயிருக்கும்.

1991-ல் அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருஷம் எழுதினார், வாசித்தார். இஸ்ரேலிய இசை நடத்துநர் டேனியல் பாரன்பாயிமுடன் சேர்ந்து 1999-ல் ஜெர்மனியின் வைமர் நகரில் அரபு, இஸ்ரேலிய இளைஞர்களை வைத்து ஓர் இசைப் பட்டறை நடத்தினார். வைமர் கதேயின் ஊர். பக்கத்திலேயே புக்கன்வால்ட் நாஜி முகாம். ஒரு ஊருக்குள்ளேயே இரண்டு மெட்டு! அந்தப் பட்டறைதான் 'வெஸ்ட்-ஈஸ்டர்ன் திவான்' ஆர்கெஸ்ட்ரா ஆனது. பெயர் கதேயின் கவிதைத் தொகுப்பிலிருந்து வந்தது.

2003 செப்டம்பரில் சயீத் இறந்தார். 2005 ஆகஸ்டில் அந்த ஆர்கெஸ்ட்ரா பாலஸ்தீனத்தின் ரமல்லாவில் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பனியை வாசித்தது. இஸ்ரேலியப் பிள்ளைகளும் அரபுப் பிள்ளைகளும் அந்த ஊருக்குப் போய்ச்சேர, ஸ்பெயின் அரசாங்கம் அவர்களுக்கு டிப்ளோமாடிக் பாஸ்போர்ட் கொடுக்க வேண்டியிருந்தது.