விட்டுப்போகிறவர்களின் கணக்கு

ஒஷாவாவில் ஆயுள் காப்புறுதி விற்பது என் தொழில். நான் விற்ற பொலிசிகளில் பெரும்பாலானவற்றுக்கு நிறுவனம் ஒரு சதமும் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை. பத்து வருட, இருபது வருடப் பொலிசி எடுப்பவர்களில் அநேகர் அந்தக் காலத்தைச் சுகமாகக் கடந்துவிடுவார்கள். வேறு பலர் இடையிலேயே காசு கட்டுவதை நிறுத்திவிடுவார்கள். முதல் வகையினரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது வகையினரை நிறுவனம் முன்கூட்டியே எண்ணி, விலைக்குள்ளேயே வைத்திருக்கிறது என்று சொன்னால்தான் கேட்பவரின் முகம் மாறும்.

"அப்ப நாங்கள் விட்டிட்டுப் போவம் எண்டு அவங்களுக்கு முதலே தெரியுமோ அக்கா?" என்று விற்பியில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர் கேட்டார்.

"நீங்கள் போவியளோ எண்டு தெரியாது தம்பி. உங்களை மாதிரி ஆயிரம் பேரிலை எத்தினை பேர் போவினம் எண்டு ஓரளவுக்குத் தெரியும்."

ஊரில் மரண சகாய சங்கம் இருந்தது. மாதச் சந்தா கட்டுவோம். வீட்டில் யாரும் செத்தால் செலவுக்குக் காசு வரும். சந்தா கட்டாதவரின் பெயரை வெட்டிவிடுவார்கள். ஆனால் இத்தனை பெயர் வெட்டுப்படும் என்று முன்பே கணக்குப் பார்த்து யாரும் சந்தாவைக் குறைத்ததில்லை. இங்குள்ள கம்பனிகள் அதைத்தான் செய்கின்றன.

ஒன்ராறியோவில் பிரீமியம் கட்டத் தவறினால் 30 நாள் தவணை உண்டு. அதற்குள்ளும் கட்டாவிட்டால் பொலிசி லப்ஸ் ஆகிவிடும். இரண்டு வருடத்துக்குள் அதை மீண்டும் உயிர்ப்பிக்கக் கேட்கலாம். ஆனால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று புதிதாகக் காட்ட வேண்டும். முதல் ஒன்றிரண்டு வருடத்துக்குள் விட்டால் நிறுவனத்துக்கு நட்டம். மருத்துவப் பரிசோதனைக்கும் எனக்குத் தந்த கொமிஷனுக்கும் செலவழித்த காசு முழுதாகத் திரும்பி வராது. (கொமிஷனை என்னிடமிருந்து பிடுங்குவார்கள், அது வேறு கதை.) பிந்தி விட்டால் நிலைமை நேர்மாறு. வாழ்நாள் முழுக்க ஒரே பிரீமியம் என்றால், இளமையில் தேவைக்கு மேல் கட்டுகிறோம். அந்த மிச்சம் முதுமைக்காகச் சேர்கிறது. இருபது வருடம் கட்டிவிட்டுப் போகிறவர், சேர்ந்ததை மற்றவர்களுக்கு விட்டுவிட்டுப் போகிறார்.

ஆகவே காப்புறுதிக் கணிப்பாளருக்கு, எங்கள் பேச்சில் அக்சுவரிக்கு, இரண்டு எடுகோள்கள் வேண்டும். எவ்வளவு பேர் சாவார்கள், எவ்வளவு பேர் விட்டுப்போவார்கள். என் அண்ணன் மகன் ரொறன்ரோவில் அந்த வேலைதான் செய்கிறான். கீழே சொல்வதில் பாதி அவன் என் சமையலறையில் இருந்து விளங்கப்படுத்தியது.

சாவைக் கணக்கிடுவது பழைய வித்தை. வால்வெள்ளிக்குப் பெயர் கொடுத்த எட்மண்ட் ஹாலி, 1693இல் பிரெஸ்லாவ் நகரத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுகளை வைத்து ஓர் அட்டவணை போட்டார். 1825இல் லண்டன்காரர் பெஞ்சமின் கொம்பேர்ட்ஸ், வளர்ந்தவர்களின் இறப்பு வீதம் வயதோடு ஒரே விகிதத்தில் பெருகிக்கொண்டு போவதைக் காட்டினார். இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ எட்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. கனேடிய அக்சுவரிகள் கழகம் நிறுவனங்களின் அனுபவத்தைத் திரட்டி அட்டவணைகள் வெளியிடுகிறது. 1997 முதல் 2004 வரையான அனுபவத்தில் செய்த அட்டவணை ஆண், பெண், புகைப்பவர், புகைக்காதவர் என்று பிரித்திருந்தது.

ஆனால் ஒவ்வொரு கம்பனியின் வாடிக்கையாளரும் ஒவ்வொரு மாதிரி. தன் சொந்த அனுபவத்தை ஒரு கம்பனி எவ்வளவுக்கு நம்பலாம்? இதற்குக் கனேடிய அக்சுவரிகள் வைத்திருக்கும் இலக்கம் 3,007. அத்தனை மரணங்களைப் பார்த்திருந்தால்தான், கண்ட வீதம் உண்மையிலிருந்து 3 வீதத்துக்கு மேல் விலகாது என்று 90 வீத உறுதியோடு சொல்லலாம். 300 மரணம்தான் இருக்கிறது என்றால் சொந்த அனுபவத்துக்கு 32 வீத எடைதான். மிச்ச 68 வீதம் பொது அட்டவணைக்கு. இந்த 3,007ஐ ஞாபகம் வைத்திருங்கள். எங்கள் சனத்தைப் பற்றிப் பேசும்போது அது திரும்பி வரும்.

சாவில் இவ்வளவு கவனமாக இருந்தவர்கள், விட்டுப்போகிறவர்களின் கணக்கில் சறுக்கினார்கள். 1980களில் கனடாவில் 'டேர்ம் 100' என்ற பொலிசி நன்றாக விற்பட்டது. ஒரே பிரீமியம், வாழ்நாள் முழுக்கக் காப்பு, இடையில் விட்டால் கைக்கு ஒன்றும் வராது. ஆகவே விலை மலிவு. சனம் வழக்கம்போல விட்டுப்போகும் என்று நம்பி அந்த விலையை வைத்தார்கள். சனம் போகவில்லை.

நானே ஓர் உதாரணம் போட்டுப் பார்த்தேன். சாவை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஆயிரம் பேரில் வருடம் 5 வீதம் விட்டுப்போனால் 30 வருடத்தின் பின் மிஞ்சுவது 215 பேர். 1.5 வீதம்தான் போனால் மிஞ்சுவது 635 பேர். 215 குடும்பத்துக்குக் கொடுக்கத் தயாராக இருந்த கம்பனியின் வாசலில் மூன்று மடங்கு குடும்பங்கள் நிற்கும். டேர்ம் 100இன் நீண்டகால லப்ஸ் வீதம் பின்னாளில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவுக்குத்தான் இருந்தது. அமெரிக்காவில் முதியோர் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியை விற்றவர்களும் இதே பள்ளத்தில் விழுந்தார்கள். அந்தத் தொழிலில் இருந்த பென் ட்ரீட்டி நிறுவனம் 2017இல் கலைக்கப்பட்டதற்கு இந்தப் பிழைக் கணக்கும் ஒரு காரணம்.

பழைய முறையில் லப்ஸ் எடுகோள் ஓர் அட்டவணைதான்: முதலாம் வருடம் இவ்வளவு, இரண்டாம் வருடம் இவ்வளவு. கொஞ்சம் கவனமானவர்கள் வயதுக்கு ஓர் அட்டவணை, கட்டும் முறைக்கு ஓர் அட்டவணை என்று போட்டு ஒன்றையொன்று பெருக்குவார்கள். அங்கேதான் சிக்கல். மாதாமாதம் கட்டுகிறவர்கள் கூடுதலாக விட்டுப்போகிறார்கள் என்று ஓர் அட்டவணை காட்டுகிறது. இளையவர்கள் கூடுதலாக விட்டுப்போகிறார்கள் என்று மற்றது காட்டுகிறது. ஆனால் மாதாமாதம் கட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இளையவர்களாகவே இருந்தால்? ஒரே காரணத்தை இரண்டு தரம் எண்ணிவிட்டோம்.

இதை அவிழ்க்கும் கருவிகள் 1972இலேயே வந்துவிட்டன. காலத்தோடு மாறும் ஆபத்தை ஒவ்வொரு காரணமும் எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று அளக்க டேவிட் கொக்ஸ் ஒரு முறை சொன்னார். பல காரணங்களை ஒரே சமன்பாட்டில் வைத்துப் பிரித்தறியும் முறையை ஜோன் நெல்டரும் ரொபேர்ட் வெடர்பேர்னும் அதே வருடம் சொன்னார்கள். கார்க் காப்புறுதிக்காரர் இந்த இரண்டாவது முறையை முதலில் பிடித்துக்கொண்டார்கள், ஆயுள்காரர் மெதுவாக வந்தார்கள். எதிர்வுகூறல் மாதிரி என்று இப்போது பெரிதாகப் பேசுவது அடிப்படையில் இதுதான். வயது, பால், புகைத்தல், பொலிசித் தொகை, கட்டும் முறை, எத்தனையாவது வருடம் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்து, மற்றவை மாறாமல் இருக்க இது மட்டும் மாறினால் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்பது. சில வருடத் தரவில் மாதிரியைக் கட்டி, அது கண்ணால் காணாத வேறொரு வருடத்தில் சோதிப்பார்கள். நடந்ததை எதிர்பார்த்ததால் வகுத்தால் நூற்றுக்கு நூறு வர வேண்டும். 140 வந்தால் திரும்பவும் வேலைதான்.

கணினியை இன்னும் தாராளமாக விட்டு, ஆயிரக்கணக்கான கிளைபிரியும் கேள்விகளால் கணிக்கும் முறைகளும் இருக்கின்றன. மருமகனுக்கு அவற்றில் ஆசை, ஆனால் பயமும் உண்டு.

"நல்லாக் கணிக்கும் மாமி. ஆனா ஏன் எண்டு கேட்டால் ஒருத்தராலையும் வடிவாச் சொல்லேலாது. நான் கையெழுத்து வைக்கிற ஆளுக்கெல்லோ சொல்லவேணும்."

கனடாவில் ஒவ்வொரு ஆயுள் காப்புறுதி நிறுவனத்துக்கும் நியமிக்கப்பட்ட அக்சுவரி ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். எடுகோள்களுக்குப் பொறுப்பு அவர். கையெழுத்து வைக்கக் கணினியால் முடியாது.

இனி இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். சாவும் விட்டுப்போதலும் தனித்தனிக் கணக்குகள் அல்ல. பத்து வருடப் பொலிசி முடிந்து புதுப்பிக்கப்படும் நாளில் பிரீமியம் பல மடங்காகத் தாவும். அப்போது பெருவாரியானோர் ஒரேயடியாக விட்டுப்போவார்கள். யார் போவார்கள்? சுகமாக உள்ளவர்கள், அவர்களுக்கு வேறு இடத்தில் மலிவாகக் கிடைக்கும். யார் நிற்பார்கள்? இடையில் மாரடைப்பு வந்தவர், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர். அவர்களுக்கு வேறு வழி இல்லை, என்ன விலையென்றாலும் கட்டுவார்கள். ஆகவே பதினோராம் வருடத்து இறப்பு வீதம் திடீரென ஏறுகிறது. பிரீமியம் எவ்வளவு பெரிதாகத் தாவுகிறதோ அவ்வளவுக்குப் போகிறவர்கள் கூடுவார்கள், மிஞ்சுகிறவர்களின் நோயும் கூடும். இந்தத் தாவலின்போது, வருடம் ஒருமுறை கட்டுகிறவர் பெரிய பில்லைக் கண்டு திடுக்கிட்டுப் பொலிசியை விடுகிறார். வங்கியிலிருந்து மாதாமாதம் தானாகப் போகிறவர் கவனிக்காமல் நின்றுவிடுகிறார். சோம்பலும் மாதிரிக்குள் ஒரு மாறிதான்.

ஒஷாவாவுக்கு வருவோம். ஜெனரல் மோட்டர்ஸ் கனடா 1918 முதல் இருக்கும் ஊர் இது. 2018 நவம்பரில், இங்குள்ள ஆலையில் வாகன உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். 2019 டிசம்பரில் நிறுத்தினார்கள். 2020 நவம்பரில் மீண்டும் திறப்போம் என்றார்கள். ஒரு வருடம் கழித்து பிக்கப் ட்ரக்குகள் வெளியே வரத் தொடங்கின. 2025 மே மாதத்தில் மூன்று ஷிப்டில் ஒன்றைக் குறைக்கும் அறிவிப்பு வந்தது. ஆலையை நம்பி இருக்கும் உதிரிப்பாகக் கம்பனிகளில் எங்கள் ஆட்களும் நிறையப் பேர். வேலை போன வீட்டில் முதலில் வெட்டுப்படுவது காப்புறுதிதான். மோட்கேஜை நிறுத்தினால் வீடு போகும். சீட்டை நிறுத்தினால் மானம் போகும். காப்புறுதியை நிறுத்தினால் இன்றைக்கு ஒன்றும் போகாது.

நாடு முழுவதும் திரட்டிய தரவில் ஓடும் மாதிரிக்கு ஒரு நகரத்து ஆலைவாசல் தெரியாது. வேலையின்மை வீதத்தை ஒரு மாறியாகச் சேர்க்கலாம், சேர்க்கிறார்கள். ஆனால் ஆலை மூடி மறுபடி திறந்த அனுபவம் பழைய தரவில் எத்தனை தடவை இருக்கும்? கோவிட்டும் இதே மாதிரித்தான். கனடாவில் பிறப்பின்போதான ஆயுள் எதிர்பார்ப்பு 2019இல் 82ஐத் தாண்டியிருந்தது, 2022இல் 81.3. அந்த வருடங்களைத் தரவில் வைப்பதா, தள்ளுவதா, பாதி எடை கொடுப்பதா என்பதை எந்த மாதிரியும் தானாகத் தீர்மானிக்காது.

வேலை இழந்தவர்களுக்கு நான் ஓடிப்போய்ச் சொல்லும் விஷயம் ஒன்று இருக்கிறது. வேலையிடத்துக் குழுக் காப்புறுதியை, பொதுவாக 65 வயதுக்குட்பட்டவர்கள், 31 நாளுக்குள் மருத்துவக் கேள்வி இல்லாமல் தனிப் பொலிசியாக மாற்றலாம், வழக்கமாக 200,000 டொலர் வரை. விலை கூட. ஏன் கூட என்று இப்போது நீங்களே சொல்வீர்கள்: நோயாளிகள்தான் பெரும்பாலும் மாற்றுகிறார்கள், கம்பனி அதைத் தெரிந்தே விலை வைக்கிறது. நீரிழிவும் இதயநோயும் உள்ள ஒருவருக்கு அந்தக் கூடிய விலையும் மலிவுதான்.

எங்கள் சனத்தின் கணக்கு? தெற்காசியர்களுக்கு இதயநோய் இளவயதிலேயே வருவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். அப்படியானால் தமிழருக்குத் தனி அட்டவணை போடுவார்களா? முதலில் 3,007 மரணம் எங்கே? அடுத்தது, ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் காப்புறுதியில் வயது, பால், திருமண நிலை, குடும்ப நிலை, ஊனம் என்பவற்றால் நியாயமான அடிப்படையில் வேறுபாடு காட்ட இடம் தருகிறது. இனத்துக்கு அந்த இடம் இல்லை. மரபணுப் பரிசோதனை முடிவைக் கேட்பதையும் 2017இன் கூட்டரசுச் சட்டம் தடுத்தது. உச்சநீதிமன்றம் 2020இல் ஐந்துக்கு நான்கு என்று அதை உறுதிசெய்தது. எனக்குள்ள சந்தேகம் அஞ்சல் குறியீட்டில். ஸ்காபரோவிலோ அஜக்ஸிலோ சில குறியீடுகளைக் கொடுத்தால், இனத்தைக் கேட்காமலே கிட்டத்தட்ட கேட்டதாகிவிடும். மருமகனிடம் இதைச் சொன்னபோது அவன் மறுக்கவில்லை. அந்த மாறியைச் சேர்த்தால் கணிப்பு எவ்வளவு கூர்மையாகிறது என்று மட்டும் பார்க்கக் கூடாது, அது எதற்குப் பதிலாக நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்றான்.

எங்கள் தெருவில் ஜி.எம்.மில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஓர் உக்ரேனியக் கிழவர் இருக்கிறார். 1980களில் எடுத்த டேர்ம் 100 பொலிசி ஒன்று அவரிடம் உண்டு. ஓய்வூதியத்தில் இனிக் கட்டுவது கஷ்டம், நிறுத்தப்போகிறேன் என்றார். நிறுத்தினால் ஒன்றும் கிடைக்காது. வேறொருவருக்கு விற்கலாம் என்றால், ஆயுள் பொலிசிகளை வாங்கி விற்கும் வியாபாரத்தை ஒன்ராறியோவின் காப்புறுதிச் சட்டம் தடைசெய்திருக்கிறது. இன்றைக்கு அவரது வயதில் அந்தப் பிரீமியத்துக்கு அந்தத் தொகையை எந்தக் கம்பனியும் தராது. அவர் இந்த வயதுவரை கட்டிக்கொண்டிருப்பார் என்று அந்த விலையைப் போட்டவர்கள் எண்ணியிருக்கவில்லை. அவருடைய மகள்மார் இருவரையும் கூப்பிட்டு, பொலிசித் தாளை மேசையில் விரித்துக் காட்டினேன். இப்போது பிரீமியத்தை அவர்கள் பாதிபாதியாகக் கட்டுகிறார்கள். அதில் எனக்குக் கொமிஷன் ஒரு சதமும் இல்லை.