இரவு ஒன்பதரை மணி

கோவை மாநகரின் தென்பகுதியில், பெரியகுளத்தை ஒட்டி அமைந்தது உக்கடம். பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் செல்வோர் இதன் வழியே செல்வர். அங்குத் தம் இல்லத்தில் அந்திப்பொழுதில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருடைய கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி ஒன்று வருகின்றது. சென்ற மாத மின்கட்டணம் பதிவாகவில்லை என்றும், இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும் என்றும், உடனே அலுவலரை அழைக்க வேண்டும் என்றும் அது கூறுகின்றது. கீழே ஒரு கைப்பேசி எண்!

2022ஆம் ஆண்டில் இத்தகைய செய்திகள் தமிழகமெங்கும் பரவின. காவல்துறையும் மின்வாரியமும் மக்களை எச்சரித்தன. ஒன்பதரை மணி என்று குறித்ததில் சூழ்ச்சி உண்டு. அலுவலகம் மூடியபின் உண்மையைக் கேட்டறிய ஆள் ஏது? அச்சமே மிஞ்சும். ஆயினும் அச்செய்தியிலேயே அதன் பொய்யும் வெளிப்பட்டது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறையே கணக்கிடப்பட்டு வந்தது. வேறிடங்களுக்கு எழுதிய செய்தியையே உக்கடத்திற்கும் அனுப்பியதால் நேர்ந்த பிழையாகலாம் அது.

முதியவர் அவ்வெண்ணை அழைத்தால், பணிவான குரல் ஒன்று, "பத்து ரூபாய் செலுத்தினால் போதும், ஐயா" என்னும். அதற்கெனச் செயலி ஒன்றை நிறுவச் சொல்லும். கைப்பேசியின் திரையைத் தொலைவிலுள்ளவருக்குக் காட்டும் செயலி அது. பழுது நீக்குவோருக்கென ஆக்கப்பட்ட நல்ல கருவிதான். கள்வருக்கோ அது திறந்த சன்னல். பத்து ரூபாய் செலுத்தும்பொழுதே வங்கி அட்டையின் எண்ணையும், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் அவர்கள் கண்டுகொள்வர்.

இது தனியொருவர் செயல் அன்று. பிறர் பெயரில் சிம் அட்டைகளைத் திரட்டுவோர் சிலர், செய்தி அனுப்புவோர் சிலர், பேசுவோர் சிலர். ஜார்க்கண்ட் மாநிலத்து ஜாம்தாரா இத்தொழிலால் நாடெங்கும் பெயர் கெட்டது. தரகுக்காகத் தம் வங்கிக் கணக்கைப் பிறருக்கு விடுவோரும் உளர். காவலர் தடம் தேடி வரும்போது முதலில் அகப்படுவோர் பெரும்பாலும் இவர்களே.

களவுபோன பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவி, இறுதியில் எங்கோ ரொக்கமாக எடுக்கப்படும். அதற்குமுன் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தால், பணம் தங்கியுள்ள கணக்கை வங்கி முடக்கக்கூடும். முதியவரோ, பிள்ளைகள் கடிந்துகொள்வர் என நாணி, விடியும்வரை வாய்திறவாது இருந்துவிடுகின்றார்.