சிவப்பு ஓடு, பச்சைச் சில்லு, துருப்பிடித்த ஆணி

பாடாலூரில் பஸ் ஏறி, பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று மாறி மாறிப் போனால் கங்கைகொண்ட சோழபுரம் வந்துவிடும். பலர் கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அங்கே தொல்லியல் துறை வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கும் போய்விட்டு வாருங்கள்.

ராஜேந்திர சோழர் 1025-ஐ ஒட்டித் தஞ்சாவூரை விட்டு இங்கே புதிய தலைநகரை அமைத்தார். அவருடைய அரண்மனை இருந்த இடத்துக்கு இன்றைய பெயர் மாளிகைமேடு. அங்கே தோண்டியபோது செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், கண்ணாடி வளையல் துண்டுகள், சீனப் பீங்கான் சில்லுகள் எல்லாம் கிடைத்தன. மனிதர்கள் தினமும் புழங்கிய பொருள்கள் என்பதால் எனக்கு இவைமேல்தான் ஆசை அதிகம்.

ஓடு ஏன் சிவப்பு? களிமண்ணில் கொஞ்சம் இரும்பு கலந்திருக்கிறது. சூளையில் காற்று நன்றாகப் புகுந்தால், அந்த இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவப்பு ஆக்சைடாக மாறுகிறது. வீட்டில் மண்சட்டி உடைந்தால் தூக்கி எறியாதீர்கள். உடைந்த விளிம்பைப் பாருங்கள். சில சட்டிகளில் மேலும் கீழும் சிவப்பாகவும் நடுவில் கறுப்பாகவும் இருக்கும். நடுப்பகுதிவரை ஆக்சிஜன் போய்ச் சேரவில்லை. மண்ணிலிருந்த கரி அங்கே எரியாமல் தங்கிவிட்டது. அந்தச் சட்டி சூளையில் எப்படி வெந்தது என்பதை இந்தக் கறுப்புக் கோடே சொல்லிவிடும்.

இப்போது சீனச் சில்லுக்கு வாருங்கள். கடல் கடந்து வந்த அந்தப் பாத்திரங்களில் ஒரு வகை இளம்பச்சை நிறம். அந்தப் பச்சைக்கும் காரணம் இரும்புதான்! பாத்திரத்தின் மேல் பூசிய மெருகுப் பூச்சில் மிகக் கொஞ்சம் இரும்பு உண்டு. சீனக் குயவர்கள் சூளைக்குள் காற்றைக் குறைத்து, ஏறக்குறைய 1,200 டிகிரி செல்சியஸுக்கும் மேலே சூடேற்றினார்கள். ஆக்சிஜன் போதாததால் அதே இரும்பு சிவக்காமல் பச்சை காட்டியது. அந்தச் சூட்டில் பூச்சும் உருகிக் கண்ணாடிபோல் மூடிக்கொண்டது. நம் மண்பானை அதைவிடக் குறைந்த சூட்டில் வேகிறது. அதனால் நுண்துளைகள் அடைபடுவதில்லை. அந்தத் துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. வீட்டிலேயே சோதிக்கலாம்: ஓட்டுத் துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர், பீங்கான் கோப்பையின் வெளிப்புறத்தில் ஒரு சொட்டு. எது உறிஞ்சும்?

கடைசியாக ஆணி. இதில் இரும்பு கலப்பாக இல்லை, முழுசாகவே இருக்கிறது. மண்ணின் ஈரமும் காற்றும் சேர்ந்து அதைத் துருவாக்கிவிட்டன. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அதனால் பழைய ஆணிகள் ஊதித் தடித்திருக்கும். ஆனால் அந்த ஆணி அடித்திருந்த மரம் எங்கே? நுண்ணுயிரிகள் எப்போதோ தின்று தீர்த்துவிட்டன. ஆணிகளையும், தூண்களைத் தாங்கிய கருங்கல் அடிப்பீடங்களையும் வைத்தே, அரண்மனையில் மரத்தூண்கள் நின்றிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் ஓர் ஆணியைப் பார்த்தால், அதன் நீளத்தைக் கண்ணால் அளந்து, எவ்வளவு தடிமனான மரத்தில் அதை அடித்திருப்பார்கள் என்று நீங்களும் கணக்குப் போடுங்கள்.