திருத்தியும் உலாவியும்

பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புனேயிலும் கணினி நிரல் எழுதி வாழும் தமிழர் பலர். அவர்கள் நாள் முழுதும் கையாளும் கருவி நிரல் திருத்தி. அதில் எழுதப்பட்ட வரிகளுக்கிடையே இணைய முகவரி ஒன்று காணப்படுமாயின், அதை அழுத்தியதும் உலாவி என்னும் வேறொரு செயலியில் பக்கம் திறக்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் இச்செயலில் நடப்பது யாது, நாம் கருத்தில் கொள்ள வேண்டுவது யாது என்பதை இன்று காண்போம்.

1990ஆம் ஆண்டில், ஜெனீவாவுக்கருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் உலாவி, பக்கங்களைப் படிப்பதற்கும் திருத்துவதற்கும் ஒருங்கே பயன்பட்டது. பின்வந்த உலாவிகளிற் பெரும்பாலானவை படிப்பதை மட்டுமே தம் தொழிலாகக் கொண்டன. எழுதுங் கருவியும் படிக்குங் கருவியும் இவ்வாறு பிரிந்தமையால், இரண்டிற்குமிடையே ஒரு தூது தேவையாயிற்று.

அத்தூதாக நிற்பது இயங்குதளம். நாம் இணைப்பை அழுத்தியதும் திருத்தி அந்த முகவரியை இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. இயங்குதளமோ, இயல்பு உலாவியாக நாம் முன்னரே குறித்து வைத்திருப்பது எதுவோ, அதனிடம் முகவரியைச் சேர்ப்பிக்கிறது. ஆகவே, விரும்பாத உலாவியில் பக்கம் திறக்குமாயின் திருத்தியைக் குறை கூறுவதிற் பயனில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய எதுவாயினும், அதன் அமைப்புகளுக்குட் சென்று இயல்பு உலாவியை மாற்றுதலே வழி.

2015ஆம் ஆண்டில் வெளிவந்த விஷுவல் ஸ்டுடியோ கோட் என்னும் திருத்தியை எடுத்துக்கொள்வோம். இதில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இணைப்பைச் சொடுக்க வேண்டும். மேக் கணினியிலாயின் கமாண்ட் விசை. வெறுஞ் சொடுக்கு, எழுதுமிடத்தைக் குறிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளமையால் இவ்வேற்பாடு. அண்மைப் பதிப்புகளில், இயல்பு உலாவியை மாற்றாமலே இத்திருத்திக்கு மட்டும் வேறோர் உலாவியைக் குறித்து வைக்கவும் இயலும். ஒரே கணினியில் அலுவலகப் பணியையும் வீட்டுக் கணக்கு வழக்குகளையும் பார்ப்போருக்கு இது பெரிதும் உதவும். பணி தொடர்பான பக்கங்கள் ஓர் உலாவியிலும், வங்கியும் குடும்பக் கடிதங்களும் மற்றோர் உலாவியிலும் தனித்து நிற்கும்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். முன்பின் அறியாத தளத்தின் இணைப்பை அழுத்தினால், இத்திருத்தி உடனே அதைத் திறப்பதில்லை. முழு முகவரியையும் காட்டி, வெளித் தளத்தைத் திறக்கலாமா என வினவுகிறது. திறக்கலாம், முகவரியை நகலெடுக்கலாம், விட்டுவிடலாம், அத்தளத்தை நம்பத்தக்கவற்றின் பட்டியலிலும் சேர்க்கலாம். அடிக்கடி எழும் இவ்வினாவை இடையூறெனக் கருதி, எல்லாத் தளங்களையும் நம்புவதாக ஒரேயடியாகக் குறித்து வைப்போர் உண்டு. அது காவலனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாயிற்கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

ஏனெனில், நாம் கையாளும் நிரலெல்லாம் நாமே எழுதியதன்று. பிறர் எழுதிய நிரலில் பிறர் இட்ட இணைப்புகள் இருக்கும். லத்தீன் எழுத்துப் போலவே தோன்றும் சிரில்லிக் எழுத்தை இடையே நுழைத்து, புகழ்பெற்ற தளத்தின் பெயரைப் போன்ற போலி முகவரியை அமைத்தல் வஞ்சகர்க்குக் கைவந்த கலை. அங்கே கடவுச்சொல்லை எழுதிவிட்டால் நம் கணக்கு மட்டுமன்றி நிறுவனத்தின் நிரற்களஞ்சியமும் பிறர் கைக்குப் போகும்.

மற்றொன்றும் உண்டு. திருத்தி ஏதேனும் ஒரு சேவையில் நுழைய வேண்டுமாயின், பெரும்பாலும் நம்மை வெளி உலாவிக்கே அனுப்புகிறது. 2017ஆம் ஆண்டு வெளியான ஆர்.எஃப்.சி. 8252 என்னும் நெறிமுறையும் இதனையே வலியுறுத்துகிறது. உலாவியில் நுழைந்தால் கடவுச்சொல் செயலியின் கண்ணிற் படாது. முகவரியும் நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். எனவே, செயலி தன் சாளரத்துக்குள்ளேயே கடவுச்சொல்லைக் கேட்குமாயின் நாம் ஐயுறுதல் தகும்.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் மொழி. இணைப்பை அழுத்துமுன் முகவரியை ஒருமுறை முழுதும் படித்தல் சில நொடிகளில் முடியும் வேலை. அயலூரில் உழைத்துப் பெற்ற நற்பெயரையும் பொருளையும் காக்க, அச்சில நொடிகளை ஒதுக்குவோமாக.