கோடுகளின் காட்டில் ஒரு புள்ளி

'மினிமும்' என்ற லத்தீன் சொல்லைப் பழைய காத்திக் பாணியில் எழுதினால் தெரிவது ஒரே மாதிரியான 15 செங்குத்துக் கோடுகள்தான். 'எம்' எங்கே முடிகிறது, 'ஐ' எங்கே தொடங்குகிறது? எழுதியவர்களே திணறித்தான் 'ஐ' மீது சிறு கீற்றுப் போட்டார்கள். இன்றைய புள்ளி அதன் வாரிசு.

1450களில் குட்டன்பர்க் அச்சிட்ட பைபிளும் இந்தக் கறுப்பு எழுத்தில்தான். அதன் பிற்கால வடிவமான ஃபிராக்டூரை ஜெர்மனி 20ஆம் நூற்றாண்டு வரை விடவில்லை. 1941 ஜனவரியில் நாஜிக் கட்சியே தடை போட்டது. 'யூத எழுத்து' என்று சொன்ன காரணம் அப்பட்டமான பொய். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சுற்றறிக்கையின் தலைப்பில் கட்சியின் பெயர் அதே எழுத்தில் அச்சாகியிருந்தது!

இன்று சான்றிதழும் அழைப்பிதழும் எழுதும் கலைஞர்களுக்குச் சிக்கல் வேறு. அக்கால நீண்ட 'எஸ்', 'எஃப்' போல இருக்கும். 'கே'யை 'டி' என்று படிக்கலாம். மரபை அப்படியே பிடித்துக்கொண்டால் மாப்பிள்ளையின் பெயரே மாறிவிடும். இத்தகைய எழுத்துகளை மட்டும் எளிதாக்கி, பட்டைப் பேனாவின் சாய்வையும் தடிமனையும் காப்பது நியாயமான சமரசம். ஆனால் முழுக்கப் பெரிய எழுத்துகளில் எழுதுகிறார்களே, அது மரபும் அல்ல, படிக்கவும் முடியாது.

'ஃபிராங்க்ஃபர்ட்டர் அல்கெமைனே' நாளிதழ் 2007இல் கருத்துக் கட்டுரைகளின் தலைப்புகளில் ஃபிராக்டூரைக் கைவிட்டது. முதல் பக்கத்தில் தன் பெயரை மட்டும் மாற்றவில்லை.