செல்ஃப் எடுக்காத கார்

பெங்களூரு நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. ஆதலால் மார்கழி, தை மாதங்களில் அங்கு விடியற்காலைக் குளிர் மிகுதி. குளிரில் இஞ்சின் எண்ணெய் தடித்துப் போகும். பேட்டரியின் ஆற்றலும் குறையும். அத்தகைய காலைப்பொழுதில் பழைய கார்கள் சில கிளம்ப மறுக்கும். சாவியைத் திருப்பினால் 'டக்' என்னும் ஓசை மட்டும் எழும், இஞ்சின் சுழலாது. "செல்ஃப் எடுக்கவில்லை" என்று ஓட்டுநர்கள் கூறுவது இதனைத்தான்.

உடனே புதிய செல்ஃப் மோட்டார் வாங்கிப் பொருத்துவோர் உண்டு. பல ஆயிரம் ரூபாய் செலவான பின்னும் கார் முன்போலவே நிற்கும். பழுது மோட்டாரில் இல்லாமல், பேட்டரியின் முனையில் படிந்த உப்பிலோ துருப்பிடித்த ஒரு கம்பியிலோ இருந்திருக்கும். பழுதுபார்க்கும் தொழிலில் கைத்திறனுக்கு முன்னே வேண்டப்படுவது காரணத்தைத் தேடும் பொறுமையாகும்.

கைப்பிடியிலிருந்து மின்மோட்டாருக்கு

பெட்ரோல் இஞ்சின் தானாகத் தொடங்காது. அதனை முதலில் வெளியிலிருந்து சுழற்றுதல் வேண்டும். அப்போதுதான் அது காற்றையும் எரிபொருளையும் உள்ளிழுத்து, அழுத்தி, தீப்பொறியால் எரிக்கும். தொடக்கக் காலத்தில் காரின் முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகி, மனிதர்களே இஞ்சினைச் சுழற்றினர். எரிபொருள் உரிய நேரத்திற்கு முன்னரே எரிந்துவிட்டால், கைப்பிடி பின்னோக்கி உதைக்கும். அவ்வுதையில் மணிக்கட்டும் முழங்கையும் முறிந்தவர் பலர்.

இத்துன்பத்தை நீக்கியவர் சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கப் பொறியாளர். அவர் முன்னர்க் கடைகளில் பணம் பெறும் பொறிக்கு மின்மோட்டார் அமைத்தவர். சிறிய மோட்டாரும் சில நொடிகளுக்கு மட்டும் மிகுந்த விசையைத் தரக்கூடும் என்பதை அவ்வேலையில் அவர் அறிந்திருந்தார். அந்த அறிவைக் கொண்டு அவர் உருவாக்கிய மின் தொடக்கி 1912 ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. பிறர் கைகொண்டு சுற்றாமல் தானே தொடங்குவதால் அதற்கு 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்னும் பெயர் அமைந்தது. அப்பெயரின் முற்பகுதியே பட்டறைகளில் 'செல்ஃப்' என இன்றும் வழங்குகிறது.

நம் நாட்டிலும் இக்கருவி உருவாக்கப்படுகிறது. சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் 1961 இல் தொடங்கப்பட்டது. இந்தியச் சாலைகளில் ஓடிய பழைய கார்கள் பலவற்றில் அந்நிறுவனத்தின் ஸ்டார்ட்டர் மோட்டார்கள் பொருத்தப்பட்டிருந்தன.

செல்ஃப் மோட்டார் இயங்கும் முறை

காரின் பேட்டரி 12 வோல்ட் மின்னழுத்தம் உடையது. முகப்பு விளக்கு ஒன்று ஏறத்தாழ 5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். செல்ஃப் மோட்டாரோ சிறிய காரிலும் 100 ஆம்பியர் அளவுக்கோ அதற்கு மேலுமோ எடுத்துக்கொள்ளும். இவ்வளவு மின்னோட்டம் சாவித் துளையின் மெல்லிய கம்பி வழியே செல்ல இயலாது. ஆகவே மோட்டாரின் மேல் சோலனாய்டு என்னும் மின்காந்த உருளை அமைக்கப்பட்டுள்ளது.

சாவியைத் திருப்பியதும் சிறு மின்னோட்டம் சோலனாய்டை அடைகிறது. அது இரண்டு பணிகளைச் செய்கிறது. முதலாவதாக, மோட்டாரின் சிறிய பல்சக்கரத்தை முன்னே தள்ளி, இஞ்சினின் ஃப்ளைவீல் எனப்படும் பெரிய சக்கரத்தின் பற்களோடு சேர்க்கிறது. இரண்டாவதாக, தடித்த செம்புத் தொடுமுனைகளை இணைத்துப் பேட்டரியின் முழு மின்னோட்டத்தையும் மோட்டாருக்குள் விடுகிறது. சிறிய சக்கரம் பத்துச் சுற்று அல்லது அதற்கு மேல் சுற்றினால்தான் பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். அதனால் மோட்டாரின் விசை பெருகி, கனமான இஞ்சின் சுழல்கிறது. இஞ்சின் தொடங்கிய பின் சிறிய சக்கரம் பின்வாங்கிவிடும்.

ஓசை கூறும் செய்தி

மருத்துவர் நாடியைப் பார்ப்பதுபோல, தேர்ந்த பணியாளர் முதலில் ஓசையைக் கேட்பார்.

'டக் டக் டக்' என விரைந்து அடித்தால், பேட்டரியில் மின்னூட்டம் குறைந்துள்ளது. அல்லது அதன் முனைகள் தளர்ந்துள்ளன.

ஒரே ஒரு 'டக்' ஓசையோடு நின்றுவிட்டால், சோலனாய்டின் தொடுமுனையோ மோட்டாரின் உள்ளே உள்ள கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கக்கூடும்.

'விர்ர்' என மோட்டார் மட்டும் சுழன்று இஞ்சின் அசையாவிட்டால், சிறிய பல்சக்கரம் சேரவில்லை. அல்லது ஃப்ளைவீலின் பற்கள் தேய்ந்துள்ளன.

ஓசையே எழாவிட்டால், பேட்டரி, சாவித் துளை, மெல்லிய கம்பி ஆகியவற்றை ஆராய்தல் வேண்டும்.

இஞ்சின் நன்கு சுழன்றும் தொடங்காவிட்டால், செல்ஃப் மோட்டாரில் பழுதில்லை. எரிபொருளோ தீப்பொறியோ தடைப்பட்டுள்ளது.

அளந்து அறிதல்

ஓசை தருவது ஐயம். அளவு தருவது உறுதி. முகப்பு விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்புவது எளிய சோதனையாகும். விளக்கு முற்றிலும் மங்கினால் பேட்டரியையும் அதன் முனைகளையும் முதலில் ஐயுறலாம். விளக்கின் ஒளி சற்றும் மாறாவிட்டால், மோட்டாருக்கு மின்னோட்டம் செல்லவில்லை எனக் கொள்ளலாம்.

அடுத்து மின்னழுத்தமானி உதவும். முழு மின்னூட்டம் பெற்ற பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். சாவியைத் திருப்பும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி வலுவிழந்துள்ளது எனலாம். பேட்டரி நன்றாக இருந்தால், அதன் நேர்முனைக்கும் மோட்டாரின் முனைக்கும் இடையே, சாவியைத் திருப்பியவாறு அளத்தல் வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மின்னழுத்தம் வழியிலேயே வீணாகிறது. கம்பியையும், அதன் இணைப்புகளையும், சோலனாய்டின் தொடுமுனையையும் ஒவ்வொன்றாக ஆராய்தல் வேண்டும்.

பழைய கார்களில் மறவாது பார்க்கவேண்டியது எர்த் கம்பி. மின்னோட்டம் மோட்டாருக்குச் சென்றால் மட்டும் போதாது. பேட்டரிக்குத் திரும்பியும் வருதல் வேண்டும். இஞ்சினையும் காரின் உடலையும் பேட்டரியின் எதிர்முனையோடு இணைக்கும் இக்கம்பி துருப்பிடித்தால், நல்ல மோட்டாரும் பழுதானதுபோல் தோன்றும். இதனைத் தேய்த்துத் தூய்மை செய்வதற்கு ஓர் உப்புத்தாளே போதும். பேட்டரி முனையில் படிந்த வெண்ணிற உப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்த ஆப்பசோடா போக்கிவிடும்.

பேட்டரி, கம்பிகள், முனைகள் அனைத்தும் நன்றாக இருந்து, மோட்டாருக்கு முழு மின்னழுத்தமும் வந்து, அதன்பின்னும் அது சுழலாவிட்டால் மட்டுமே மோட்டாரைக் கழற்றவேண்டும்.

மாற்றும் முறை

முதற்பணி பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுவதாகும். மோட்டாருக்குச் செல்லும் தடித்த கம்பியில் சாவியைத் திருப்பாதபோதும் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். எதிர்முனையைக் கழற்றாமல் வேலை செய்தால், அக்கம்பியையும் காரின் உடலையும் ஸ்பேனர் ஒருசேரத் தொடும்போது பெருந்தீப்பொறி எழும்; ஸ்பேனர் பழுக்கக் காய்ந்து கையைச் சுடும். காரின் அடியில் புகவேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாது, உறுதியான தாங்கிகளை நிறுத்துதல் வேண்டும். இப்பணியைப் பயிற்சி பெற்றவரே செய்யலாம். சிறுவர்கள் அருகில் நின்று கற்றுக்கொள்ளலாம்.

அதன்பின் தடித்த கம்பி, மெல்லிய கம்பி ஆகியவற்றை அடையாளமிட்டுக் கழற்றுவர். மோட்டாரை இறுக்கியிருக்கும் இரண்டு அல்லது மூன்று போல்ட்டுகளையும் அகற்றுவர். மோட்டார் கனமானது, எனவே கடைசி போல்ட்டை அகற்றும்போது அதனைக் கையால் தாங்கிக்கொள்வர். புதியதையும் பழையதையும் அருகருகே வைத்துப் பற்களின் எண்ணிக்கை, போல்ட்டுத் துளைகள், சுழலும் திசை ஆகியவை ஒத்துள்ளனவா எனப் பார்ப்பர். மோட்டார் பொருந்தும் இடத்தையும் துடைத்துத் தூய்மை செய்வர். அந்த இரும்புப் பரப்பின் வழியாகவே மின்னோட்டம் திரும்புகிறது என்பதே அதற்குக் காரணம். புதியதைப் பொருத்திய பின், எதிர்முனைக் கம்பியை இறுதியில் இணைப்பர்.

கழற்றிய மோட்டார் எல்லாம் குப்பையன்று. கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் அதனை மட்டும் மாற்றலாம், தாங்குவளையங்களைப் புதுப்பிக்கலாம். வாகன உதிரி உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற பெங்களூரு ஜே.சி. சாலைப் பகுதியில், பழைய கார்களுக்கான உறுப்புகளைத் தேடி வருவோரை இன்றும் காணலாம். அங்குப் புதிய மோட்டாரைக் கேட்கும் முன், அது உண்மையிலேயே தேவையா என்று தெரிந்துகொண்டு செல்பவரின் பணம் வீணாவதில்லை.

சொல்லும் பொருளும்

மின்னழுத்தமானி – வோல்ட் அளவை அளக்கும் கருவி
தொடுமுனை – மின்னோட்டம் செல்லும்படி ஒன்றையொன்று தொடும் உலோகப் பகுதி
தாங்குவளையம் – சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்
ஐயுறுதல் – இதுவாக இருக்கலாம் என எண்ணுதல்

வினாக்கள்

1. 'செல்ஃப்' என்னும் வழக்குச் சொல் எவ்வாறு தோன்றியது?
2. சோலனாய்டு செய்யும் இரண்டு பணிகள் யாவை?
3. பேட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றுவது ஏன்?
4. ஒரு காரில் 'டக் டக் டக்' என்னும் ஓசை எழுகிறது. புதிய மோட்டார் வாங்கும் முன் எவற்றையெல்லாம் சோதிக்கவேண்டும்? வரிசையாக எழுதுக.
5. உம் வீட்டில் பழுதான பொருள் ஒன்றின் காரணம் எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதைப் பெற்றோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.