கேமராவுக்கும் பிறவிக் கோளாறு உண்டு!



எங்க வீட்டு சாமி அலமாரியில் அப்பாயி போட்டோ ஒன்று இருக்கிறது. அதில் அப்பாயி ஊதா நிறமாக இருப்பாங்க. முகத்துக்குக் குறுக்கே கோடு கோடாக ஓடும். தம்பி, "பேய் மாதிரி இருக்குல்ல" என்று கிண்டல் பண்ணுவான். எனக்குக் கோபமா வரும். நான் பிறப்பதற்கு முன்பே அப்பாயி இறந்துட்டாங்க. வேறு போட்டோவே கிடையாது. எனக்குத் தெரிந்த அப்பாயி முகம் அந்த ஊதா முகம்தான்.

எடுத்தது எங்க சித்தப்பா. ஆசை ஆசையாய் வாங்கிய டிஜிட்டல் கேமராவாம். ரிப்பேர் கடையில் காட்டியதற்கு, "தண்ணியில போட்டீங்களா?" என்று இவரையே கேட்டார்களாம். அவர்கள் சொன்ன காசுக்குப் புதுசே வாங்கலாம் என்று சித்தப்பா அதைப் பரணில் போட்டுவிட்டார். தண்ணியில் போடாத கேமரா ஏன் இப்படி ஆகணும்? அறிவியல் சாரிடம் கேட்டேன். அவர் சொன்னதையும் தேடித் தந்ததையும் வைத்து எழுதுகிறேன்.

பழைய கேமராவில் ஒளி ஃபிலிம் மேல் விழும். டிஜிட்டல் கேமராவில் ஃபிலிமுக்குப் பதில் ஒரு சில்லு. அப்போது வந்தவற்றில் அதற்கு சிசிடி என்று பெயர். சின்ன கேமராவில் அது சுண்டுவிரல் நகம் அளவுதான். ஆனால் அதில் லட்சக்கணக்கான கட்டங்கள்! ஒவ்வொரு கட்டமும் தன் மேல் விழுந்த ஒளிக்கு ஏற்ப மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும். அந்தக் கணக்கு தலைமுடியை விட மெல்லிய கம்பிகள் வழியாக வெளியே போனால்தான் படம் வரும்.

2002 முதல் 2004 வரை சோனி கம்பெனி செய்த சில சிசிடிகளில் இந்தக் கம்பி ஒட்டிய இடம்தான் பலவீனமாக இருந்தது. வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்த ஊரில் ஒட்டு விட்டுப்போகும். படம் ஊதாவாகும், நெளியும், இல்லாவிட்டால் ஒரே இருட்டு. எல்லாக் கம்பெனியும் சில்லைத் தானே செய்வதில்லை. கேனான், நிக்கான், ஃபூஜி, ஒலிம்பஸ் எல்லாம் சோனியிடம் வாங்கிப் போட்டிருந்தார்கள். ஒரே வீட்டில் வாங்கிய மோர் புளித்தால் தெருவுக்கே புளிக்கும் இல்லையா, அந்தக் கதைதான்.

இதைக் கண்டுபிடிக்க சார் ஒரு வழி சொன்னார். எனக்கு ரொம்பப் பிடித்தது. கேமரா திரையில் மெனு எழுத்தும் முன்பு எடுத்த படங்களும் நல்லா தெரிகிறதா? அப்படியானால் திரை நல்லாத்தான் இருக்கு. புதிதாக எடுப்பது மட்டும் ஊதா என்றால் சில்லு மேல்தான் சந்தேகம்.

2005 அக்டோபரில் கம்பெனிகள் வரிசையாக அறிவித்தன: இந்தக் கோளாறு உள்ள மாடல் என்றால், வாரண்டி முடிந்திருந்தாலும் சில்லை இலவசமாக மாற்றித் தருகிறோம். தப்பு வாங்கியவர் மேல் இல்லையே!

எல்லா நேரமும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் போல. 2012இல் வந்த நிக்கான் டி600 என்ற விலை கூடின கேமராவில் படத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. வாங்கியவர்கள் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனார்கள். 2013இல் டி610 என்று அடுத்ததே கடைக்கு வந்துவிட்டது. 2014இல்தான், வாரண்டி முடிந்தவர்களுக்கும் ஷட்டரை இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னார்கள்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். அந்தக் கேமராவைச் சோதித்துப் பார்க்கலாம் என்றால், எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போட்டாச்சாம். அந்தச் சில்லுதானா என்று இனி தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் தண்ணியில போடலன்னு இப்பவாச்சும் நம்புறியா?" என்றார்.

நான் நம்புகிறேன் சித்தப்பா.